ரேம் விலை எகிறிய நேரத்தில் ஆராய்ச்சிக்குக் கணினி வாங்குவது எப்படி? டெண்டரில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?

பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ஒரு வொர்க்ஸ்டேஷன் வாங்குவது, வீட்டுக்கு லேப்டாப் வாங்குவது மாதிரி இல்லை. ஆய்வுத் திட்டத்தில் கருவிகளுக்கான பணம் பெரும்பாலும் ஒரே முறைதான் வரும். தப்பான கணினி வந்து சேர்ந்தால், பிஎச்.டி. மாணவர் அதை வைத்துத்தான் நான்கைந்து வருடம் ஓட்டியாக வேண்டும். இந்த நேரம் பார்த்து ரேம் விலையும் எகிறியிருக்கிறது.

ஏன் இந்த விலையேற்றம்?

உலகின் ரேம் சிப்களில் பெரும்பங்கைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற 3 நிறுவனங்கள். ஏஐ தரவு மையங்களுக்கான அதிவேக நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. விளைவு, 2025-ன் கடைசி மாதங்களில் சாதாரண டிடிஆர்5 ரேம் விலை மளமளவென ஏறியது. பொதுமக்களுக்கு விற்கும் 'குரூஷியல்' பிராண்டையே மூடப்போவதாக டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

வரியும் ஒரு சுமை. அரசு நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு, கணினி உள்ளிட்ட அறிவியல் கருவிகள் மீது இருந்த 5% ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் நீக்கப்பட்டது. இப்போது 18%. அதாவது 5 லட்சம் ரூபாய் ஒதுக்கினால், வரி போக கணினிக்கு நிற்பது சுமார் 4.24 லட்சம்தான்.

டெண்டரில் என்ன சிக்கல்?

நிபந்தனைகளுக்கு உட்பட்டு யார் குறைந்த விலை சொல்கிறாரோ அவருக்கே ஆர்டர். இதுதான் 'எல்1' முறை. இதில் எழுதிக் கேட்காத எதுவும் வராது. 'ஐ7 அல்லது அதற்கு மேல், 64 ஜிபி ரேம்' என்று பழைய கோப்பைப் பார்த்து காப்பி அடித்து அனுப்பினால், விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்கும் இடம் ரேம்தான்.

64 ஜிபியை ஒரே ஸ்டிக்காகக் கொடுத்தாலும் ஆவணப்படி சரிதானே? ஆனால், சாதாரண டெஸ்க்டாப் பிராசஸருக்கே நினைவகத்தோடு பேச 2 சேனல் உண்டு. ஏஎம்டி த்ரெட்ரிப்பர் ப்ரோ ரகத்தில் 8. அதில் ஒரே ஸ்டிக் போடுவது, எட்டு வழிச் சாலை போட்டுவிட்டு ஒரு வழியை மட்டும் திறந்துவிட்ட கதை. வானிலை மாதிரி போன்ற கணக்குகளில் பிராசஸர் சும்மா காத்துக்கிடக்கும். அதனால் எத்தனை ஸ்டிக், என்ன வேகம், எத்தனை ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதியாக வேண்டும்.

அடுத்தது இசிசி. வாரக்கணக்கில் ஓடும் கணக்கில், நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால்கூட விடை மாறலாம். மாறியது யாருக்கும் தெரியாமலேயே போகலாம் என்பதுதான் ஆபத்து. இந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவது இசிசி ரேம். 'டிடிஆர்5-ல் அது உள்ளேயே இருக்கு சார்' என்று சொன்னால் நம்பிவிட வேண்டாம். அது சிப்புக்குள் நடக்கும் திருத்தம் மட்டுமே. சிப்பிலிருந்து பிராசஸர் வரையிலான பாதையை அது காக்காது. முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ரேம், மதர்போர்டு, பிராசஸர் மூன்றுமே இசிசியை ஆதரிக்க வேண்டும்.

எந்த வேலைக்கு எது?

மரபணுத் தொகுப்பு வேலைக்கு ரேம்தான் எல்லாம். புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணிக்கும் 'குரோமாக்ஸ்' போன்ற மென்பொருளுக்கு கேமிங் கிராபிக்ஸ் கார்டே நன்றாக உதவும். ஆனால், அதிகத் துல்லியம் கேட்கும் குவாண்டம் வேதியியல் கணக்கில் அதே கார்டு படுத்துவிடும். என்விடியாவின் சமீபத்திய கேமிங் கார்டுகளில் இரட்டைத் துல்லிய வேகம், ஒற்றைத் துல்லிய வேகத்தில் 64-ல் ஒரு பங்குதான்!

கோர் எண்ணிக்கையைப் பார்த்தும் மயங்க வேண்டாம். ஒரு நிரலில் 10% பகுதி வரிசையாகத்தான் ஓடும் என்றால், எத்தனை கோர் போட்டாலும் 10 மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. இருக்கிற கணினியில் சொந்த வேலையை ஒருமுறை ஓட்டி, உச்சத்தில் எவ்வளவு ரேம் தின்கிறது, எத்தனை கோர் உண்மையில் உழைக்கிறது என்று குறித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

விதிகள் தளர்ந்தனவா?

ஓரளவு தளர்ந்தன. அறிவியல் கருவிகளை விலைப்புள்ளி கேட்காமல் நேரடியாக வாங்கும் வரம்பை மத்திய அரசு 2025 ஜூனில் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கொள்முதல் குழு மூலம் வாங்கும் வரம்பு 10 லட்சத்திலிருந்து 25 லட்சமானது. நல்ல வொர்க்ஸ்டேஷன் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரம்புக்குள் வந்துவிடும்.

எப்போதாவது மட்டும் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவைப்படுபவர்கள் அதை வாங்கியே தீர வேண்டும் என்றில்லை. இந்தியா ஏஐ திட்டத்தில், தகுதியுள்ள ஆய்வாளர்களுக்கு மணிக்கு 100 ரூபாய்க்கும் குறைவாக ஜிபியு கிடைக்கிறது. தினமும் ஓடும் வேலைக்குத்தான் சொந்தக் கணினி.

ஆர்டரில் பலரும் மறப்பது யுபிஎஸ். ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு ஒன்றே 575 வாட் வரை இழுக்கும். டேபிளுக்கு அடியில் கிடக்கும் பழைய 600 விஏ யுபிஎஸ் அதைத் தாங்காது.