கேபினா, பங்க்கா? கப்பல் டிக்கெட்டும் வியாபாரக் கணக்கும்



சென்ற மாதம் நம் சங்கத்து இளம் உறுப்பினர் ஒருவர் என் கடைக்கு வந்தார். மளிகைச் சரக்கு மொத்த வியாபாரத்தில் இறங்கி நாலைந்து வருடங்கள் ஆகின்றன. அந்தமானுக்குப் பருப்பும் வற்றலும் அனுப்பி வருகிறார். பாக்கி வசூலுக்கும் புது ஆர்டர் பிடிக்கவும் முதல் தடவையாகக் கப்பலில் போகப் போகிறார். "அண்ணாச்சி, பங்க் டிக்கெட்தான் போடலாம் என்று இருந்தேன். கேபினில் இடம் இருக்கிறதாம். கூடப் பணம் கட்டி மாற்றிக்கொள்ளலாமா, அல்லது அது வீண் செலவா?" என்று கேட்டார்.

சட்டென்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தக் கேள்விக்கு ஒருமுறை தப்பான விடை எழுதி நஷ்டப்பட்டவன் நான். அவருக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்குக் கடல் வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். நம் வாய்க்குப் பழகியது பழைய பெயர்தான்.) கப்பலில் 60 முதல் 70 மணி நேரம், அதாவது மூன்று இரவுகள் என்று வைத்துக்கொள்ளலாம். அடித்தளத்தில் பெரிய கூடத்தில் அடுக்குக் கட்டில்கள் போட்டிருப்பது பங்க். அதற்கு மேல் இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, டீலக்ஸ் என்று கேபின்கள். ஒரு கேபினுக்கு எத்தனை படுக்கை என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். கட்டணம் அறைக்கு அல்ல, ஒரு படுக்கைக்கு. சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம்.

நான் கடைசியாகப் போனது 2017-ல். அப்போது பங்க்குக்கும் டீலக்ஸுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வழிக்கு, ஓர் ஆளுக்குச் சுமார் 7,000 ரூபாய். கட்டணம் அவ்வப்போது மாறுவதால், போகிறவர்கள் அன்றைய கட்டணத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டும் இந்த 7,000 ரூபாயையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த 7,000 ரூபாயை இரண்டு விதமாகப் பார்க்கலாம். 66 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 106 ரூபாய். இப்படிப் பார்த்தால் அற்பத் தொகை. ஆனால் நாம் சரக்குக் கடைக்காரர்கள். மூட்டைக்கு 25 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 7,000 ரூபாய் என்பது 280 மூட்டைப் பருப்பு. 280 மூட்டையை வாங்கி, இறக்கி, அடுக்கி, ஏற்றி, பணம் வசூலித்துக் கிடைப்பதை மூன்று இரவுத் தூக்கத்துக்குக் கொடுக்கிறோம். பயணச் செலவை மணிக்கணக்கில் வகுக்காதீர்கள், மூட்டைக்கணக்கில் வகுத்துப் பாருங்கள். நம் தொழிலுக்கு அதுதான் சரியான தராசு.

அப்படியானால் பங்க்கே போதும் என்று சொல்கிறேனா? அதுவும் இல்லை.

1998-ல் நான் முதல் தடவை போனபோது பங்க்கில்தான் போனேன். அப்போது எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கூட்டம், புழுக்கம், குழந்தைகள் அழுகை எல்லாம் இருந்தது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ரங்கத்தில் சிறு மளிகைக்கடை வைத்திருப்பவர். எதிர்க் கட்டிலில் இருந்தவர் டிக்லிபூரில் கடை வைத்திருப்பவருடைய மைத்துனர். மூன்று நாள் ஒன்றாகச் சாப்பிட்டு, சீட்டாடி, ஊர்க்கதை பேசி இறங்கும்போது இரண்டு வாடிக்கை கைக்கு வந்துவிட்டது. அதில் ஒன்று இன்றுவரை நடக்கிறது. கேபினில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தால் அந்த வாடிக்கை கிடைத்திருக்காது. புதிதாக மார்க்கெட் பிடிக்கப் போகிறவருக்குப் பங்க் என்பது மூன்று நாள் நடக்கும் சந்தை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. அதிகப் பணம் கொடுத்தால் ஆட்டம் குறையும் என்று நினைக்கிறார்கள். கப்பலில் ஆட்டம் குறைவாக இருப்பது கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில். மேலே போகப் போக, முனைக்குப் போகப் போக ஆட்டம் கூடும். தராசு முள்ளைப் பாருங்கள். அடியில் அசைவு கொஞ்சம், நுனியில் அதிகம். ஆகவே வாந்தி, தலைசுற்றலுக்குப் பயந்து மட்டும் மேல்தளத்துக் கேபின் எடுப்பவர் ஏமாந்து போகலாம். கேபின் எடுத்தாலும் நடுப்பக்கமாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மாதத்தையும் பாருங்கள். தை முதல் பங்குனி வரை கடல் பெரும்பாலும் அமைதி. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் எந்த வகுப்பில் இருந்தாலும் படுத்தே தீரவேண்டும்.

கேபினால் உண்மையில் கிடைப்பது தூக்கம், தனிமை, கழிப்பறை வசதி. இந்த மூன்றும் யாருக்குத் தேவை, எப்போது தேவை என்பதுதான் கேள்வி.

என் நஷ்டக் கணக்கை இனிச் சொல்கிறேன்.

2011 நவம்பரில் நானும் என் கணக்குப்பிள்ளையும் ஒரே கப்பலில் போனோம். எனக்கு அப்போது 52 வயது. அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். எங்கள் அப்பா காலத்திலிருந்து கடையில் இருப்பவர். பேரேட்டில் ஒரு ரூபாய் இடறினால் அன்றிரவு வீட்டுக்குப் போகமாட்டார். எனக்குக் கேபின் போட்டேன். அவருக்குப் பங்க் போட்டேன். "கணக்குப்பிள்ளைக்கு எதற்குக் கேபின்? ஒரு வழிக்கு நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம்" என்பது என் எண்ணம். என் கேபினில் இரண்டு படுக்கை. இரண்டாவது படுக்கைக்கு யாரும் வரவில்லை. மூன்று இரவும் காலியாகவே கிடந்தது.

இரண்டாம் நாள் கடல் கொந்தளித்தது. நான் கீழே போய் ஒருமுறை பார்த்தேன். அவர் சுருண்டு படுத்திருந்தார். "ஒன்றுமில்லை முதலாளி, நீங்கள் மேலே போங்கள்" என்றார். நானும் போய்விட்டேன்.

நான்காம் நாள் காலையில் இறங்கினோம். குளித்துவிட்டு நேரே வாடிக்கையாளர் கடைக்குப் போய்க் கணக்கு நேர் செய்ய உட்கார்ந்தோம். வழியில் நனைந்துபோன 12 மூட்டை மிளகாய் வற்றலுக்கு மூட்டைக்கு 3,200 ரூபாய் வீதம் 38,400 ரூபாய் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தொகையை முந்தைய பில்லிலேயே கழித்துவிட்டிருந்தோம். அன்று அது மறுபடியும் கழிக்கப்பட்டது. கணக்குப்பிள்ளை பார்த்துத் தலையசைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச்சில் கணக்கு முடிக்கும்போதுதான் தப்பு வெளியே வந்தது. கடிதம் எழுதி, பேரேட்டு நகல் அனுப்பி, பேசிப் பேசி, கடைசியில் பாதித் தொகை திரும்பி வந்தது. 19,200 ரூபாய் போனது போனதுதான். அந்தக் கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கையெழுத்து நம்முடையது.

கணக்குப்பிள்ளையை நான் அன்று கடிந்து பேசினேன். "இத்தனை வருஷ அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம்?" என்று கேட்டேன். அவர் வாதாடவில்லை. "மூணு ராத்திரியும் கண்ணை மூடலை முதலாளி. எழுத்தெல்லாம் மிதக்கிற மாதிரி இருந்தது" என்று மட்டும் சொன்னார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. கணக்குப் பார்ப்பதற்காகவே அழைத்துப்போன ஆளைத் தூங்கவிடாமல் அழைத்துப் போயிருக்கிறேன். கணக்கே பார்க்காத நான் கேபினில் தூங்கியிருக்கிறேன். அதுவும் பக்கத்தில் ஒரு காலிப் படுக்கையுடன்!

இதைவிட நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு. கரை இறங்கியதும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். சாதாரண லாட்ஜில் ஓர் இரவு தூங்கிவிட்டு மறுநாள் கணக்குக்கு உட்கார்ந்திருந்தால், கேபினும் தேவையில்லை, நஷ்டமும் இல்லை. அவசரப்பட்டது நான்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட வழக்கத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, இறங்கிய அன்றே கணக்கோ, விலை பேசுவதோ, கையெழுத்தோ இருக்குமானால் போகும்போது கேபின் தகும். ஒருநாள் அவகாசம் இருந்தால் பங்க்கில் போய், ஓர் இரவு லாட்ஜில் தங்குவது அதைவிட மிகக் குறைந்த செலவு. வயது குறைந்தவர்களுக்கு இதுவே போதும்.

இரண்டாவது, போக வர இரண்டுக்கும் ஒரே வகுப்பு போடவேண்டும் என்று சட்டமில்லை. போகும்போது தெளிவு வேண்டும். வரும்போது வேலை முடிந்துவிட்டது. திரும்பி வந்து வீட்டில் தூங்கிக்கொள்ளலாம். போகக் கேபின், வரப் பங்க் என்றால் கூடுதல் செலவு பாதியாகிவிடும்.

மூன்றாவது, உடம்பு. நம்மில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இல்லாதவர் குறைவு. இரவில் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியவர், ஆடுகிற கப்பலில் இருட்டில் கட்டில் ஏணி இறங்கி நடைபாதையில் போய்வருவது ஆபத்து. கால் பிசகினால் நடுக்கடலில் பெரிய வைத்தியம் கிடையாது. அவர்கள் கழிப்பறையோடு சேர்ந்த கேபின் எடுக்கட்டும். அதை ஆடம்பரம் என்று யாரும் சொல்லக்கூடாது. சுவர் இருந்தால்தான் சித்திரம்.

நான்காவது, கேபின் கட்டணத்தை விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்கூட்டிப் பதிவு செய்தால் டீலக்ஸ் கட்டணத்தை ஒட்டியே விமான டிக்கெட் கிடைக்கும் நாட்கள் உண்டு. விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மூன்று நாள் கல்லாவில் நாம் இல்லாததற்கும் ஒரு விலை இருக்கிறதே! கப்பலில் போவதன் லாபமே செலவு குறைவு என்பதுதான். அந்த லாபத்தைக் கேபினுக்கே கொடுத்துவிட்டால் பிறகு கப்பல் எதற்கு?

ஐந்தாவது, "கணக்கில் எழுதிக்கொள்ளலாம், வரி மிச்சம்" என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். தொழில் நிமித்தமான பயணச் செலவை எழுதலாம் என்பது உண்மை. ஆனால் மிச்சமாவது அந்தத் தொகைக்கான வரி மட்டுமே. மீதி நம் கையிலிருந்து போவதுதான். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேச முறையில் வரி கட்டும் சிறு வியாபாரிகளுக்கு அந்த மிச்சமும் இல்லை. அவர்கள் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது.

கடைசியாக, ஆட்களை அழைத்துப் போகிறவர்களுக்கு. முதலாளி மேலே, சிப்பந்தி கீழே என்று டிக்கெட் போடுவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. போகிற காரியத்தில் யாருடைய தலை வேலை செய்ய வேண்டுமோ, அவருக்கு முதலில் தூக்கம் வேண்டும். ஒரு கேபினுக்குத்தான் வசதி என்றால் அதைக் கணக்குப் பார்ப்பவருக்குக் கொடுங்கள். இரண்டுமே முடியாது என்றால் இருவரும் பங்க்கில் போங்கள். ஒரே கட்டில் வரிசையில் மூன்று நாள் கிடந்தால் கடையில் முப்பது வருடம் பேசாததைப் பேசிக்கொள்ளலாம்.

என் கணக்குப்பிள்ளை 2014-ல் ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வுக்கு முந்தைய வருடம் மறுபடியும் ஒருமுறை போர்ட் பிளேயர் போனோம். இரண்டு படுக்கை டீலக்ஸ், இரண்டு பேருக்கும். அவர் முதல் இரவு கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாகப் படுத்தார். மறுநாள் காலை எட்டு மணிவரை குறட்டை. அந்தத் தடவை கணக்கில் ஒரு ரூபாய்கூட இடறவில்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். கடலிலே போடுகிறவர்களும் அளந்துதான் போட வேண்டும். எதை மிச்சம் பிடிக்கிறோம் என்பதோடு, எங்கிருந்து மிச்சம் பிடிக்கிறோம் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதே என் கருத்து.

என்னைக் கேட்ட அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, உனக்கு முப்பத்திரண்டு வயது. உடம்பில் நோய் இல்லை. தனியாகப் போகிறாய். புது வாடிக்கை தேடப் போகிறாய். பங்க்கிலேயே போ. இறங்கிய அன்று யாரிடமும் கணக்குப் பேசாதே. ஓர் இரவு நன்றாகத் தூங்கிவிட்டு மறுநாள் காலை கடைக்குப் போ."

அவர் அப்படியே செய்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் எத்தனை மூட்டைக்கு ஆர்டர் என்று கேட்க நானும் காத்திருக்கிறேன்.