பேட்டன்ட் முதலாளிக்குக் கடிவாளம் யார் கையில்?

வல்லத்திராக்கோட்டை வட்டாரத்தில் களை பறிக்கும் பெண்ணின் மடியிலும் செல்போன் இருக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 முதல் செல்போனில் படம் பிடித்துத்தான் வருகை பதிந்தார்கள். போன் இன்று ஆடம்பரம் அல்ல.

நாம் பேசும் பேச்சைச் சுருக்கி அனுப்பும் கணக்குமுறை போன்றவற்றுக்கு ஸ்வீடன் நாட்டு எரிக்ஸன் கம்பெனி பேட்டன்ட் வாங்கியது. அவையே பொதுத் தரமாகிவிட்டதால், ராயல்டி கட்டாமல் போன் விற்க முடியாது. கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு மட்டும் பேட்டன்ட் இல்லை என்கிறது நம் சட்டம். 2004 டிசம்பரில் அவசரச் சட்டத்தால் அதைத் தளர்த்தினார்கள். இடதுசாரிகளும் மற்றவர்களும் எதிர்க்கவே, 2005-ல் பார்லிமெண்டில் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது. ஆனாலும் புரோகிராமைக் கருவியோடு சேர்த்துக் காட்டினால் கதவு திறக்கிறது. "இது வெறும் கணக்குதான்" என்று இன்டெக்ஸ் கம்பெனி வாதாடியதை 2015-ல் டில்லி ஹைகோர்ட் ஏற்கவில்லை.

ராயல்டி எப்படிக் கேட்டார்கள்? போனின் முழு விலையில் சதவீதம்! மைக்ரோமேக்ஸ் புகாரின் மீது 2013 நவம்பரில் விசாரணைக்கு உத்தரவிட்ட போட்டிக் கமிஷன் கணக்குப் போட்டுக் காட்டியது: 1.25 சதவீதம் என்றால் 100 ரூபாய் போனுக்கு ஒன்றேகால் ரூபாய், 1000 ரூபாய் போனுக்குப் பன்னிரண்டரை ரூபாய். உள்ளே இருக்கும் சரக்கோ ஒன்றேதான். கொழு அடித்துக் கொடுத்த கொல்லருக்குக் கூலி நியாயம். மகசூல் முழுவதிலும் வாரம் கேட்டால்? மைக்ரோமேக்ஸ் முதலாளியும் நம் சிநேகிதர் அல்ல. ஆனால் அவர் கட்டும் ராயல்டி நம் தலையில்தானே விடிகிறது!

கமிஷன் விசாரிக்கலாம் என்று 2016-ல் ஹைகோர்ட்டின் தனி நீதிபதி சொன்னார். 2023 ஜூலை 13-ல் இரு நீதிபதிகள் அதை மாற்றினார்கள். பேட்டன்ட்காரரின் அத்துமீறலைப் பேட்டன்ட் சட்டப்படிதான் பார்க்க வேண்டுமாம், கமிஷன் தலையிடக் கூடாதாம். பி.டி. பருத்தி விதைக்குக் கட்டணம் வாங்கிய மான்சான்டோவுக்கும் அதே தீர்ப்பு. மில் தொழிலாளர் இதைக் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் கமிஷனின் அப்பீலைத் தள்ளிவிட்டது.

பேட்டன்ட் சட்டத்தில் கட்டாய லைசென்ஸ் உண்டுதான். அது எத்தனை முறை கிடைத்தது? ஒரே முறை, 2012-ல், பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்கு. மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விற்றது 9,000 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. இவ்வளவு பலனுள்ள ஆயுதத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, கமிஷன் கையையும் கட்டினால் ஏகபோகத்தைக் கேட்பது யார்?

பேட்டன்ட் என்ற பெயரால் எந்தக் கம்பெனியும் போட்டிச் சட்டத்துக்குத் தப்பக் கூடாதென்று பார்லிமெண்ட் திருத்தம் கொண்டுவர வேண்டும். ரகசிய ஒப்பந்தத்தில் ஒளித்து வைக்கும் ராயல்டி விகிதங்களை வெளியிடச் செய்ய வேண்டும்.