படம் எடுத்திட்டு விட்டுட்டம்தானே!

கல்லடிப் பழைய பாலத்துக்குப் பின்னேரம் போனவர்களுக்குத் தெரியும். 1924 இல் கட்டின பாலம். 2013 இல் பக்கத்திலேயே புதுசு வந்த பிறகு இது நடக்கிறவர்களுக்கும் செல்பி எடுக்கிறவர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் எண்டே ஆகிவிட்டது. நானும் இரண்டு வருசம் அங்கே தூண்டிலோடு நின்றவன்தான். நல்ல ரீல், நல்ல தடி, செயற்கை இரை எல்லாம் வைத்திருந்தேன். எங்கட செட்டுக்கு ஒரு கொள்கையும் இருந்தது. பிடிப்போம், படம் எடுப்போம், திரும்ப ஆத்துக்குள்ள விடுவோம். "நாங்க கொல்லுறல்ல மச்சான்" எண்டு சொல்லுறதில ஒரு பெருமை.

ஒருநாள் நல்ல பெரிய கொடுவா ஒன்று கொழுவிச்சு. முள்ளை நல்லா உள்ளுக்கு விழுங்கியிருந்தது. தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாகத் திரும்பின சின்ன முள் ஒன்று இருக்குமே, அது இருக்கிறதே கழராமல் இருக்கத்தான். குறட்டால் இழுத்து எடுக்கப் பத்து நிமிசம் போனது. பூவிலிருந்து ரத்தம். அதற்குள் மூன்று பேர் மாறி மாறிப் பிடித்துப் படமும் எடுத்தோம். விட்டோம். அது நீந்தவில்லை. பக்கவாட்டில் சரிந்து, வெள்ளை வயிறு தெரிய, நீரோட்டத்தோடு போனது. பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த வயசாளி ஒருவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "திண்ணாட்டி ஏன் மனே புடிச்ச?"

பதில் வரவில்லை.

மீனுக்கு வலிக்குமா என்பதில்தான் இந்த விவாதம் வழமையாகச் சிக்கி நிற்கும். 2003 இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் கூடவிருந்தவர்களும் ரெயின்போ ட்ரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசற்றிக் அமிலத்தையும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். மீன்கள் மூச்சு வேகமாக வாங்கின, கனநேரம் தீனிப் பக்கமே போகவில்லை. அமிலம் ஏற்றியவை உதட்டைத் தொட்டியின் சரளைக் கல்லில் தேய்த்தன. ஜேம்ஸ் ரோஸ் போன்றவர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மனிதருக்கு இருப்பது போன்ற மூளைப் புறணி மீனுக்கு இல்லை, ஆகவே நாம் உணர்வது போன்ற வலியும் இல்லை என்பது அவர்களின் வாதம். எனக்கு அந்த வாதம் போதவில்லை. எரிகிற உதட்டைக் கல்லில் தேய்க்கிற ஒன்றுக்கு 'நோகுது' எண்டதைத் தவிர வேறு என்ன பெயர் வைப்பது? எங்கட ஊர் மீன் பாடும் தேனாடு. நிலாக் காலத்தில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள வைத்துக் காதைக் குடுத்தால் மீன் பாடுவது கேட்கும் எண்டு வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதே பாலத்தில் மீன் கத்தவில்லை என்பதால் அதுக்கு நோகவில்லை எண்டும் நம்புகிறோம்.

ஜேர்மனியில் நியாயமான காரணம் இல்லாமல் முள்ளந்தண்டுள்ள விலங்கொன்றைக் கொல்வது குற்றம், மீனும் அதற்குள் அடக்கம். சாப்பிடுவது நியாயமான காரணம். விடுவதற்கென்றே பிடிப்பதை நியாயம் என்று எடுப்பதில்லை. சுவிற்சர்லாந்தும் 2008 இல் கொண்டுவந்த ஒழுங்குவிதியில் திரும்ப விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதைத் தடுத்தது. எங்களுக்குத் தலைகீழாகத் தெரியும் சட்டம். விட்டால் குற்றம், சாப்பிட்டால் சரி! ஆனால் அந்த வயசாளி கேட்டதும் இதைத்தான். எங்கட நாட்டில் இருப்பது 1907 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்து மிருகவதைச் சட்டம். அதில் மீன் என்ற சொல் வருகிறது, ஆனால் அடைத்து வைத்திருக்கிற மீனுக்குத்தான். அதே வெள்ளைக்காரர்தான் தங்கட பொழுதுபோக்குக்கென்று ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து மலைநாட்டு ஓடைகளில் விட்டார்கள். ஹோட்டன் சமவெளியில் அதன் வாரிசுகள் இன்னும் இருக்கின்றன. எங்கட வாவியில் வயித்துக்காகத் தூண்டில் போட்டது அதற்கு எத்தனையோ காலம் முந்தியது.

அப்ப தூண்டிலையே தடை செய்வோமா? இல்லை. அப்படி ஒரு தடை வந்தால் முதலில் பிடிபடுவது பாலத்தில் நிற்கிற அந்த வயசாளிதான், இரண்டு லட்ச ரூபாய்த் தடியோடு படகு வாடகைக்கு எடுத்துப் போகிறவர் இல்லை. சட்டங்கள் இங்கே எப்பவும் கீழிருந்துதான் பிடிக்கத் தொடங்கும். வலையில் டன் கணக்கில் சாகிற மீனைப் பேசாமல் ஒற்றைத் தூண்டிலைப் பேசுவது என்ன நியாயம் என்றும் கேட்பார்கள். அது சரியான கேள்வி. நானும் மீன் சாப்பிடுகிறவன். ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டில் மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது.

இன்னுமொன்றையும் மறைக்க விருப்பமில்லை. அந்த வயசாளி பிடித்த கெளுத்தியும் ஓராவும் சொப்பிங் பைக்குள் அரை மணித்தியாலம் துடித்துத்தான் செத்தன. நாங்கள் விட்ட சில மீன்கள் ஒருவேளை பிழைத்திருக்கும். வலியை மட்டும் தராசில் போட்டால் அவர் பக்கம் கூடப் பாரமாகலாம். ஆனால் அவர் பக்கத்தைத் திருத்துவது லேசு. தலையில் பலமாக ஒரு அடி, உடனே முடிந்துவிடும். "பிடிச்ச உடனே அடிச்சுப் போடுங்க அப்பு" எண்டு சொன்னால் கேட்கக்கூடிய விசயம். எங்கட பக்கத்தைத் திருத்த என்ன இருக்கு? முள்ளு மழுங்கலா இருந்தா என்ன, கையை நனைச்சிட்டுப் பிடிச்சா என்ன, பேஸ்புக்கில் ஒரு படம் போட ஒரு உயிரை வாயில் கொழுவி இழுக்கிறோம். அதில் எந்தப் பகுதியை இரக்கமாகச் செய்வது?

அதனால் நான் கேட்பது சின்னத் தடை. பிடித்து விடுகிற போட்டிகளையும், அதையே விளம்பரமாக்கி உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற படகுப் பயணங்களையும் நிற்பாட்ட வேண்டும். பிடிக்கிறவர் சாப்பிடட்டும், அல்லது சாப்பிடுகிற ஒருவருக்குக் குடுக்கட்டும். அளவுக்குச் சிறிய மீன் தவறிக் கொழுவினால் விடுவது வேற கதை, அதை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை.

என்ட தடியும் ரீலும் அறை மூலையில்தான் கிடக்கு. மச்சான் ஒருத்தன் இரண்டு தரம் கேட்டுவிட்டான், தா எண்டு. மீன் திண்ணுவியா எண்டு கேட்டேன். வெடுக்காம், அவனுக்குப் பிடிக்காதாம். இன்னும் குடுக்கவில்லை.