ரிமோட் படகுக்கு 65 கி.மீ வேகம்... பெரிய மோட்டார் மட்டும் போதுமா?

நீளம் 70 செ.மீ, எடை சுமார் 2 கிலோ. கையில் தூக்கிப் பார்த்தால் ஒரு நடுத்தரப் பூசணிக்காய் கனம்தான். ஆனால் ரிமோட்டின் டிரிகரை முழுதாக அழுத்தினால், மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும். பின்னால் சேவல் வால் போல ஆளுயரத்துக்குத் தண்ணீர் எழும். 'ஃபாஸ்ட் எலெக்ட்ரிக்' என்று உலகம் முழுக்க மாடல் படகுக்காரர்கள் சொல்லும் வகை இது. பொம்மைக் கடைப் படகுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், நடைவண்டிக்கும் பைக்குக்கும் உள்ள வித்தியாசம்.

ரிமோட் படகு ஒன்றும் புதுசு இல்லை. நிக்கோலா டெஸ்லா 1898-லேயே நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் பேட்டரிப் படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. அப்போது பலருக்கு அது மாயவித்தையாகத் தெரிந்தது. இன்று அதே வேலையை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துவிடக்கூடிய சில சாமான்கள் செய்கின்றன. பிரஷ்லெஸ் மோட்டார், அதற்கு மின்சாரத்தை அளந்து தரும் ஈ.எஸ்.சி, ஒரு லிப்போ பேட்டரி, ரிசீவர், சுக்கானைத் திருப்பும் சர்வோ.

யூடியூபில் ஒரு வீடியோ பார்த்த சூட்டோடு பலரும் முதலில் ஆர்டர் போடுவது மோட்டாரைத்தான். இருப்பதிலேயே பெரியதாக ஒன்று. பணம் தண்ணீரில் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டாலே விஷயம் புரிந்துவிடும். மோட்டாரின் மேல் 2000 கே.வி என்று எழுதியிருந்தால், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று என்று அர்த்தம். 4 செல் லிப்போ பேட்டரி 14.8 வோல்ட். பெருக்கினால் 29,600 சுற்று. ப்ரொப்பல்லர் 40 மி.மீ விட்டம், பிட்ச் அதைப்போல 1.4 மடங்கு என்றால், ஒரு சுற்றுக்கு 56 மி.மீ முன்னேற வேண்டும். காகிதத்தில் மணிக்கு 99 கிலோமீட்டர் வருகிறது. தண்ணீரில் வராது. சுமை ஏறியதும் மோட்டாரின் சுற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும். ப்ரொப்பல்லர் வழுக்குவதில் இன்னொரு 15 சதவிகிதம் போகும். மிச்சம் 65, 67 என்று நிற்கும். முதல் படகுக்கு அதுவே அதிகம்.

'பத்தாது, 44 மி.மீ ப்ரொப்பல்லர் போடலாமே' என்று கை அரிக்கும். விட்டம் 10 சதவிகிதம்தானே கூடுகிறது? ஆனால் அதே சுற்றில் சுழற்றத் தேவைப்படும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 10 சதவிகிதம் பெரிதானால் மோட்டார் தர வேண்டிய சக்தி ஏறத்தாழ 60 சதவிகிதம் கூடும். சராசரியாக 60 ஆம்பியர் இழுக்கும் படகு ஏற்கெனவே 800 வாட்டுக்கு மேல் தின்கிறது. வீட்டு மிக்சியே 750 வாட்தான்! அதற்கு மேல் ஏற்றினால் முதலில் புகைவது ஈ.எஸ்.சி. அதனால் அனுபவஸ்தர்கள் சின்ன ப்ரொப்பல்லரில் தொடங்குவார்கள். அரை நிமிடம் ஓட்டி, கரைக்குக் கொண்டு வந்து, மூடியைத் திறந்து சூடு பார்ப்பார்கள். மோட்டார் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை என்றால்தான் அடுத்த சைஸ்.

இவ்வளவு சூட்டைத் தணிப்பது அந்த ஏரித் தண்ணீரேதான். சுக்கானில் ஒரு சின்னத் துளை இருக்கும். படகு ஓடும் வேகத்திலேயே தண்ணீர் அதில் ஏறி, சிலிக்கான் ட்யூப் வழியாக ஈ.எஸ்.சி-யையும் மோட்டாரையும் சுற்றிவிட்டுப் பக்கவாட்டுத் துளையில் வெளியே பீய்ச்சும். பம்ப் கிடையாது, தனிச் செலவு கிடையாது. கரையில் நிற்பவரின் கண் அந்தத் தண்ணீர்க் கம்பியின் மேலேயே இருக்க வேண்டும். அது நின்றால் ஓட்டத்தையும் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் பாசியோ இலைத் துணுக்கோ அடைத்திருக்கும்.

சரி, வேகம் எங்கேதான் ஒளிந்திருக்கிறது? படகின் அடிவயிற்றில். ஃபைபர் கிளாஸ் உடலை வாங்கினாலும் சரி, 3 மி.மீ பிளைவுட்டில் எபாக்ஸி பூசிச் செய்தாலும் சரி, கவிழ்த்துப் போட்டு அடிப்பகுதியில் நீளவாக்கில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கம் லேசாகக் கீழே வளைந்திருந்தால், வேகத்தில் மூக்கு தண்ணீருக்குள் அமுங்கும். மேலே வளைந்திருந்தால் படகு தவளை மாதிரி குதித்துக் குதித்து ஓடும். பின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். அது மழுங்கி உருண்டையாக இருந்தால் தண்ணீர் பிரிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு பின்னுக்கு இழுக்கும். எபாக்ஸி தடவி, காயவிட்டு, உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்கும் இந்த வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும். கை வலிக்கும், ஃபோட்டோவில் போட்டு 'லைக்' வாங்கவும் முடியாது. அதனால்தான் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் செலவு இல்லாமல் கிடைக்கும் வேகம் இது ஒன்றுதான்.

உலோக ப்ரொப்பல்லருக்கும் இதே கவனிப்பு வேண்டும். வார்ப்பில் வந்தபடியே மாட்டக் கூடாது. அரத்தால் விளிம்பைக் கூராக்கி, இரண்டு இதழும் ஒரே எடையில் நிற்கும்வரை தேய்க்க வேண்டும். நிமிடத்துக்கு இருபதாயிரத்துக்கும் மேல் சுற்றும் பொருளில் துளி ஏற்றத்தாழ்வு இருந்தாலும் பேரிங் ஆடிப்போகும். மோட்டாரையும் ப்ரொப்பல்லரையும் இணைக்கும் வளையும் கேபிள் சுமை ஏறும்போது முறுக்கிக்கொண்டு கொஞ்சம் நீளம் குறையும். அதனால் ப்ரொப்பல்லர் பக்கம் 2, 3 மி.மீ இடைவெளி விட்டே பொருத்துவார்கள்.

அடுத்தது எடை உட்காரும் இடம். கீழே 'வி' வடிவத்தில் இருக்கும் சாதாரணப் படகுக்கு, பின்பலகையிலிருந்து மொத்த நீளத்தில் 30 சதவிகிதத் தூரத்தில் எடையின் மையம் இருந்தால் நல்லது. 70 செ.மீ படகில் அது 21 செ.மீ. பேட்டரியை வெல்க்ரோவில் ஒட்டினால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். மையம் ரொம்பப் பின்னால் போனால் மூக்கு தூக்கும், அடியில் காற்று புகும், படகு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும்.

மனிதர் ஓட்டும் படகுகளும் இதற்குத் தப்பவில்லை. 1967 ஜனவரி 4-ம் தேதி இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில், உலக சாதனைக்காக 'புளூபேர்ட் கே7' ஜெட் படகை ஓட்டிய டொனால்ட் கேம்பெல் இறந்தது மூக்கு தூக்கிப் படகு கவிழ்ந்துதான். அதற்கு 11 ஆண்டுகள் கழித்து, தண்ணீரில் இன்றுவரை முறியடிக்கப்படாத வேகமான மணிக்கு 511 கிலோமீட்டரை ஆஸ்திரேலியாவின் கென் வார்பி தொட்டார். அவருடைய 'ஸ்பிரிட் ஆஃப் ஆஸ்திரேலியா' படகு அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கட்டியது. மரம், ஃபைபர் கிளாஸ், ராணுவம் கழித்துப்போட்ட ஒரு பழைய ஜெட் என்ஜின். அவ்வளவுதான்!

வீட்டில் பெரியவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது லிப்போ பேட்டரி. செல்போன் பேட்டரி மாதிரி பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகிற சமாச்சாரம் இல்லை இது. ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3.2-க்குக் கீழே இறங்கவும் கூடாது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர்தான் வேண்டும். சார்ஜ் ஏறும் இடம் சிமென்ட் தரையாக இருக்கட்டும். மெத்தை, சோபா, திரைச்சீலைப் பக்கமே போகக் கூடாது. பக்கத்தில் ஆள் இல்லாமல் சார்ஜ் போடவே கூடாது. அப்பளம் மாதிரி உப்பிய பேட்டரியை 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று பயன்படுத்தவும் கூடாது. 5000 எம்.ஏ.ஹெச் பேட்டரி 60 ஆம்பியர் இழுப்பில் 5 நிமிடத்தில் காலியாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து நான்காவது நிமிடத்திலேயே படகைக் கரைக்குத் திருப்பிவிட வேண்டும்.

திருப்பவில்லை என்றால்? நடு ஏரியில் நின்றுவிடும். இந்தப் பொழுதுபோக்கில் உயிருக்கு ஆபத்து வருவது படகு நின்ற பிறகுதான். பல ஆயிரம் ரூபாய்ச் சாமான், மாதக்கணக்கில் கட்டியது, ஐம்பது அடி தூரத்தில் மிதக்கிறது. பதினைந்து வயசுப் பையன் என்ன செய்வான்? சட்டையைக் கழற்றுவான். ஏரியின் அடியில் சேறும் கொடியும் இருக்கும். கல்குவாரிக் குட்டையில் இரண்டடி வைத்ததும் தரையே இருக்காது. எட்டிப் பிடித்த படகின் ப்ரொப்பல்லர், கரையில் யாரோ ரிமோட்டைத் தொட்டதும் சுழன்று கையைப் பதம் பார்க்கலாம்.

அதனால் மோட்டார் வாங்குவதற்கு முன்பே திரும்பி வரும் வழியை யோசித்துவிட வேண்டும். முன்பகுதிக்குள் தெர்மாகோல் அல்லது ஃபோம் துண்டுகளை அடைத்துவிட்டு, தொட்டியில் படகு முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்க்க வேண்டும். பேட்டரி எடையோடும் மிதந்தால் சரி. காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரையில் நின்று ஓட்டினால், நின்றுபோன படகு தானாகவே கால்மணியில் அரைமணியில் ஒதுங்கும். பொறுமை இல்லாதவர்களுக்குத் தூண்டில் கம்பு. நரம்பின் முனையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கட்டி, படகுக்கு அப்பால் வீசி மெதுவாக இழுத்தால் படகும் கூடவே வரும்.

ரிசீவரின் ஆன்டெனாவைப் படகின் மேல்தளத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் குழாயில் நிமிர்த்தி வைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரை ஊடுருவாது. சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே சோதிக்க வேண்டும். ரிமோட்டை முதலில் ஆன் செய்துவிட்டுத்தான் படகில் பேட்டரியை மாட்ட வேண்டும். கழற்றும்போது இதையே தலைகீழாக.

குளிக்கிறவர்கள், பறவைகள், பரிசல் இருக்கும் நீர்நிலை வேண்டவே வேண்டாம். 2 கிலோ படகு 65 கி.மீ வேகத்தில் மோதும் ஆற்றல், 140 கி.மீ வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் ஆற்றலைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் அனுமதி கேட்டுக்கொள்வதும் நல்லது.

வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து ஈரம் துடைத்து, கேபிளை உருவி புது கிரீஸ் தடவி வைக்க வேண்டும். பேட்டரியை ஆறவிட்டு, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தித் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மூடியை மறுநாள் காலைவரை திறந்தே போட்டுவிடலாம்.