‘நிதி இல்லை’ என்ற பதிலுக்குப் பின்னால்

இடம்பெயர்ந்து வாழும் எமது கமக்காரக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு பதில் உண்டு. குளக்கட்டு உடைந்து கிடக்கிறது என்று முறையிட்டாலும், வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தாலும், வீட்டுத்திட்டத்தில் பெயர் வரவில்லை என்று கேட்டாலும், பற்றை மண்டிய வயலைத் துப்புரவாக்க உதவி வேண்டினாலும் அலுவலகத்தில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “நிதி இல்லை.” மழை பொய்த்த ஆண்டில் வானத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவது போல, இந்தப் பதிலையும் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம்.

மழை மனிதர் கையில் இல்லை. ஆனால் திறைசேரி மனிதர் கையில் இருக்கிறது. யாரிடம் வரி எடுப்பது, யாருக்குச் செலவிடுவது, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பவற்றை ஒவ்வோர் ஆண்டும் சிலர் கூடியிருந்து தீர்மானிக்கிறார்கள். அத்தீர்மானம் அரசியல் தீர்மானமாகும். அதை விளங்கிக்கொள்ளாத வரையில் நாம் நிவாரணத்துக்குக் கைநீட்டும் மக்களாகவே இருப்போம். விளங்கிக்கொண்டால் கணக்குக் கேட்கும் மக்களாக மாறலாம். இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது இதுவே.

பொதுநிதி யாருடைய பணம்?

“நாங்கள் ஏழைகள், வரி கட்டாதவர்கள், அரசாங்கம் தருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்” என்று எம்மவர் சிலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். இலங்கையில் அரசாங்கத்தின் வரி வருமானத்தில் பெரும் பகுதி பொருட்கள் மீதும் சேவைகள் மீதும் விதிக்கப்படும் மறைமுக வரிகளிலிருந்தே கிடைத்து வந்திருக்கிறது. சவர்க்காரம், சீமெந்து, தொலைபேசிக் கட்டணம், துவிச்சக்கர வண்டிக்கான ரயர் என்று நாம் வாங்கும் பலவற்றின் விலைக்குள் வரி அடங்கியிருக்கிறது. நலன்புரி முகாமில் வாழ்ந்த தாயும் இந்த வரியைக் கட்டியவளே. செல்வந்தரும் ஏழையும் ஒரே சவர்க்காரத்துக்கு ஒரே வரியைக் கட்டுவதால், வருமானத்தோடு ஒப்பிடும்போது ஏழையே கூடுதலாகக் கொடுக்கிறார்.

இப்படிச் சேரும் பணம் திரட்டு நிதியத்துக்குச் செல்கிறது. அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொதுநிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே அளித்திருக்கிறது. அதாவது, நாம் கட்டிய பணத்தை நாம் தெரிவு செய்தவர்களின் சம்மதமின்றிச் செலவிட முடியாது என்பதே சட்டத்தின் கருத்து. ஆகவே, பொதுநிதியைப் பற்றிக் கேள்வி கேட்பதை நன்றிகெட்ட செயலாக எவரும் சொல்ல முடியாது.

ஒரே கொள்கை, வேறு வேறு வீடுகள்

பொருளாதாரக் கொள்கை எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரியாக நுழைவதில்லை. எமது நாட்டின் வரலாற்றிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு.

1953இல் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்த்தன அரிசி மானியத்தைக் குறைத்தார். 25 சதமாக இருந்த ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசி 70 சதமானது. திறைசேரியால் தாங்க முடியவில்லை என்பதே அரசாங்கம் கூறிய காரணம். அவ்வாண்டு ஓகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒக்ரோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பின்னர் அரிசி விலை ஓரளவு குறைக்கப்பட்டது. முடியாது என்று சொல்லப்பட்ட ஒன்று, மக்கள் எழுந்தபோது ஓரளவுக்கு முடிந்தது.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டின் காரணமாக உணவுப் பொருட்களின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் சந்தைக்கு வராததால் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்தவர்கள் நல்ல விலை பெற்றனர். அந்த வருமானத்தில் கல்வீடு கட்டியவர்களும் பிள்ளைகளைப் படிப்பித்தவர்களும் எம்மிடையே உண்டு. ஆனால் அதே ஆண்டுகளில் தெற்கிலே பாணுக்கு வரிசை நீண்டது. மலையகத் தோட்டங்களில் பட்டினி வாட்டியது. 1974ஐ ஒட்டிய காலத்தில் அங்கே இறப்பு வீதம் ஏறியது. ஒரு தமிழ்க் கமக்காரனுக்கு வாழ்வளித்த காலம் ஒரு தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்குப் பசியைக் கொடுத்த காலமாகவும் இருந்தது.

1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி தாராளமாயிற்று. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இருந்த பாதுகாப்பு குறைந்தது. கொழும்பில் நுகர்வோர் மலிவாக வாங்கினர். வடக்கில் தோட்டக்காரரின் வருமானம் சரிந்தது. இந்த மாற்றத்துக்கு முன் தோட்டக்காரரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. பிற்காலத்தில் 2007ஆம் ஆண்டின் விசேட பண்ட அறவீட்டுச் சட்டம், உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதி வரியை வர்த்தமானி மூலம் ஏற்றவும் இறக்கவும் அமைச்சருக்கு வழிவகுத்தது. அறுவடை நாளில் வரி இறங்கினால் எமது வெங்காயம் அழுகும்; ஏறினால் விலை கிடைக்கும். ஒரு கையெழுத்து ஒரு போகத்தின் உழைப்பைத் தீர்மானிக்க வல்லது.

காலியான திறைசேரி

இந்த இடத்தில் நாம் நியாயமாகவும் பேச வேண்டும். “நிதி இல்லை” என்பது சில வேளைகளில் உண்மையாகவே இருக்கும். மேசைக்குப் பின்னால் இருக்கும் எழுதுவினைஞர் பொய் சொல்லவில்லை. ஆனால் திறைசேரி எப்படிக் காலியானது என்பதையும் கேட்க வேண்டும்.

2019 நவம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலில் வரிக் குறைப்பு ஒரு பெரிய வாக்குறுதியாக இருந்தது. தேர்தல் முடிந்த கையோடு பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபாரத்தின் எல்லை ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதுவரை நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் 2020இல் ஏறக்குறைய 8 வீதத்துக்கு வீழ்ந்தது. அந்த ஆண்டில் கொரோனாத் தொற்றும் சேர்ந்துகொண்டது மெய். எனினும் வரிச் சலுகையால் பெரும் நன்மை அடைந்தவர்கள் பெரிய வருமானக்காரர்களே.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. 10 ஆண்டுகளில் படிப்படியாகச் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்பதே தேர்தல் விஞ்ஞாபனம் சொன்னது. தடையோ திடீரென வந்தது. மண்ணைக் காக்கும் விவசாயத்தை நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் கமக்காரனைக் கேளாமல், மாற்றுப் பசளை கையில் கொடுக்காமல், உரம் வாங்க டொலர் இல்லாத நெருக்கடியை நல்ல நோக்கம் என்ற போர்வையால் மூடியது நேர்மையாகாது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது காலபோகத்துக்கு விதைத்து முடிந்திருந்தது. அந்தப் போகத்தின் விளைச்சல் பெரிதும் சரிந்ததை வன்னி வயல்களில் நின்றவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவு விலைகள் முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் உயர்ந்திருந்தன. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. நீர் இறைக்கும் இயந்திரத்தை நம்பியவர்களும் கடற்றொழிலாளரும் ஒரே நாளில் நிலைகுலைந்தனர். குறைத்த பெறுமதி சேர் வரி படிப்படியாக ஏற்றப்பட்டு 2024 சனவரியில் 18 வீதத்தை எட்டியது. 2019இல் சலுகை பெற்றவர்கள் ஒரு சாரார். அதன் விலையைக் கட்டியவர்கள் மறு சாரார். இந்த நெருக்கடிக்கு நாட்டின் முன்னாள் தலைவர்களும் உயர் அதிகாரிகள் சிலரும் பொறுப்பாளிகள் என்று 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வாக்குக்கும் நிதி இல்லை

2023 மார்ச் 9இல் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. திறைசேரியில் பணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். எமது வீதியையும் சந்தையையும் கிராம வாய்க்காலையும் பார்க்க வேண்டிய பிரதேச சபைகள், தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லாமல் 2025 மே மாதத் தேர்தல் வரை இருந்தன. தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் கூறியது. “நிதி இல்லை” என்ற சொல், தட்டிக்கேட்கும் வாயை மூடவும் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

மறுபக்கம் பாருங்கள். போர் முடிந்த 2009க்குப் பின்னரும் பாதுகாப்புக்கான ஒதுக்கீடு பெரிய ஒதுக்கீடுகளுள் ஒன்றாகவே தொடர்ந்து வந்தது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களுள் பலர் தமது தோட்டக் காணியைக் காண இருபது, முப்பது ஆண்டுகள் காத்திருந்தனர். ஒன்றுக்கு எப்போதும் நிதி இருந்தது. மற்றொன்றுக்கு வரிசை இருந்தது. இது கூட்டல் கழித்தலில் வந்த முடிவல்ல.

யோசேப்பின் களஞ்சியம்

திருவிவிலியத்தில் யோசேப்பின் கதையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்திலொரு பங்கைச் சேமித்து, பஞ்சம் வந்த ஏழு ஆண்டுகளில் மக்களைக் காத்தார் என்பதோடு மறைக்கல்வி வகுப்பில் கதை முடிந்துவிடும். தொடக்கநூலின் 47ஆம் அதிகாரம் மேலும் சொல்கிறது. களஞ்சியத்துத் தானியம் மக்களுக்கு விற்கப்பட்டது. முதலில் அவர்களது பணம் போயிற்று. பின்னர் கால்நடைகள் போயின. கடைசியில் நிலமும் பார்வோனுக்குப் போய், மக்கள் அடிமைகளாயினர். குருக்களின் நிலம் மாத்திரம் தப்பியது. அவர்களுக்கு அரண்மனையிலிருந்து படி கிடைத்து வந்தது.

களஞ்சியம் நிரப்பியது நல்ல நிருவாகம். அதை எவ்வாறு பகிர்வது என்பதில் அரசியல் புகுந்தது. மக்கள் விதைத்த தானியமே மக்களின் நிலத்தை விழுங்கியது. குருக்களாகிய எமக்கும் இக்கதையில் ஓர் எச்சரிக்கை உண்டு. எமது படி தடையின்றி வருகிறது என்பதற்காக, நிலம் இழந்தவர்களுக்காகப் பேசாது இருத்தல் தகாது. “சுவாமிமாருக்கு அரசியல் எதற்கு?” என்று கேட்போருக்கு இதுவே எமது மறுமொழி.

அரசியலை அகற்றிவிடலாமா?

இவற்றையெல்லாம் கண்டு, பொருளாதாரத்தை அரசியல்வாதிகளிடமிருந்து முற்றாகப் பறித்து நிபுணர்களிடம் கொடுத்துவிட வேண்டும் என்று சிலர் கூறுகின்றனர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. விரும்பியபடி பணத்தை அச்சிடாமல் தடுக்க, 2023இல் மத்திய வங்கிக்குப் புதிய சட்டம் இயற்றப்பட்டது. கணக்காய்வாளர் தலைமை அதிபதி எவருக்கும் அஞ்சாமல் கணக்கைப் பார்க்க வேண்டும். இவை வேலிகள், வேலி தேவை.

ஆனால் வேலிக்குள் என்ன பயிரிடுவது என்பதை வேலி தீர்மானிக்காது. கடன் சுமையை யார் எவ்வளவு சுமப்பது, குளத்துக்கு முதலிடமா நெடுஞ்சாலைக்கு முதலிடமா என்பன நீதியைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்கு விடை காணும் வழி அரசியலே. மூடிய அறையில் நடக்கும் அரசியலால்தான் நாம் கெட்டோம். அதைத் திறந்த வெளிக்குக் கொண்டுவருவதே எமது வேலை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சொற்களைத் தெரிந்துகொள்வோம். ‘ஒதுக்கப்பட்டது’, ‘விடுவிக்கப்பட்டது’, ‘செலவிடப்பட்டது’ ஆகிய மூன்றும் ஒன்றல்ல. வரவு-செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை முழுவதையும் திறைசேரி விடுவிக்கும் என்பதற்கு உறுதியில்லை. விடுவித்தது முழுவதும் வேலையாக மாறும் என்பதற்கும் உறுதியில்லை. “நிதி இல்லை” என்று சொன்னால், ஒதுக்கவில்லையா, ஒதுக்கியும் வரவில்லையா, வந்தும் செலவாகவில்லையா என்று பணிவாகவும் தெளிவாகவும் கேட்போம்.

இரண்டாவது, எழுத்தில் கேட்போம். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் இந்த உரிமையைத் தருகிறது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேலைநாட்கள் 14க்குள் தகவல் தருவதா இல்லையா என்று அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். ஒருவர் தனியே கேட்பதிலும் கமக்காரர் அமைப்பாகவோ மாதர் சங்கமாகவோ கேட்பது வலுவுள்ளது.

மூன்றாவது, காலத்தோடு கேட்போம். நிதியாண்டு சனவரியில் தொடங்குகிறது. வழமையாக நவம்பரில் வரவு-செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வருகிறது. அமைச்சுகள் தமது மதிப்பீடுகளை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தயாரிக்கத் தொடங்கிவிடும். டிசெம்பரில் கேட்பவனுக்குக் கிடைப்பது அனுதாபம் மாத்திரமே. சிறுபோக அறுவடைக்கு முன்னரே எமது குளம், வாய்க்கால், வீதி பற்றிய பட்டியல் உரிய அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, தேர்தல் மேடையில் வரியையும் குறைப்பேன், மானியத்தையும் கூட்டுவேன், கடனையும் அடைப்பேன் என்று பேசுபவர் எம்மினத்தவரானாலும் வேற்றினத்தவரானாலும், “பணம் எங்கிருந்து வரும்?” என்று கேட்போம். அந்த ஒரு கேள்வியை 2019இல் நாடு உரக்கக் கேட்டிருந்தால், 2022இல் எத்தனையோ அடுப்புகள் அணையாமல் எரிந்திருக்கும்.

காணியை விட்டு வரும்போது பலர் உறுதியை மடியில் கட்டிக்கொண்டு வந்தோம். நிலம் எமது என்பதற்கு அது சாட்சி. பொதுநிதியிலும் எமக்குப் பங்குண்டு. நாம் வாங்கிய ஒவ்வொரு சவர்க்காரக் கட்டியும் அதற்குச் சாட்சி. உறுதியைக் காத்தது போல இந்த உரிமையையும் காத்து, அடுத்த சந்ததியின் கையில் கொடுப்போமாக.