பேனாக்கத்தியும் பெயரற்ற கொல்லனும்

இருநூறு வருஷங்களுக்கு முன் லண்டன் மாநகரத்தில் ஸ்ட்ராண்டு என்னும் பெரிய வீதியிலே 401-ம் இலக்கமுள்ள கட்டடத்தில் ஒரு கத்திக் கடை இருந்தது. கடைக்காரர் பெயர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். ரண வைத்தியர்களுக்கு வேண்டிய கருவிகளும், க்ஷவரக் கத்திகளும், மற்றும் நுட்பமான கத்தி வகைகளும் செய்து விற்பவர். அவர் வாடிக்கைக்காரர்களுக்கு அச்சடித்துக் கொடுத்த சீட்டில் ஒரு விசேஷம் உண்டு. தம் சரக்கு 'வூட்ஸ்' என்னும் இந்திய உருக்கினால் ஆனது என்றும், பல வருஷங்கள் ஒப்பிட்டுப் பரீக்ஷித்த பிறகு, ஐரோப்பாவின் மிகச் சிறந்த உருக்கைக் காட்டிலும் அதையே தாம் மேலாகக் கருதுவதாகவும் அதில் கண்டிருந்தது.

'ஷெபீல்டு' என்ற முத்திரையைக் கண்டால்தான் கத்தி வெட்டும் என்று நம் பாட்டனார்கள் மனப்பூர்வமாக நம்பியிருந்தார்கள். காய்கறி நறுக்கும் கத்தியிலிருந்து முகக்ஷவரக் கத்தி வரையில் எல்லாம் சீமைச் சரக்காக இருந்தால்தான் வீட்டுக்குக் கௌரவம். அந்தக் காலத்துக்கும் முந்தி, லண்டனில் ஒருவர் இந்தியாவின் பெயரைச் சொல்லிக் கத்தி விற்றார் என்றால் நமக்குச் சிறிது பெருமை உண்டாவது இயற்கையே. ஆனால் பெருமையை ஒரு நிமிஷம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தச் சீட்டை மறுபடியும் பார்ப்போம். அதில் கடைக்காரர் பெயர் இருக்கிறது. வீதியின் பெயர் இருக்கிறது. உருக்கு வந்த தேசத்தின் பெயரும் இருக்கிறது. உருக்கைச் செய்த மனிதனின் பெயர் மட்டும் இல்லை. அந்த மனிதனைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

அவன் செய்த சரக்கு லண்டனில் மதிப்புப் பெற்றது சுலபமாக அல்ல. பம்பாயில் வைத்தியராக இருந்த ஹெலினஸ் ஸ்காட் என்பவர், ராயல் ஸொஸைட்டியின் தலைவரான ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்கு இந்த உருக்குக் கட்டிகள் சிலவற்றை அனுப்பினார். டாக்டர் ஜார்ஜ் பியர்ஸன் அவற்றை ஆராய்ந்து 1795-ம் வருஷத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போதுதான் தலைவரின் விருப்பப்படி ஸ்டோடார்ட் ஒரு கட்டியை எடுத்துக் காய்ச்சி அடித்து, ஒரு பேனாக்கத்தி செய்து பார்த்தார். பேனாக்கத்தி என்றால் இக்காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. அக்காலத்தில் பேனா என்பது பறவையின் இறகு. அதைச் சீவிக் கூராக்குவதற்கு வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. முனை மழுங்கினால் எழுத்தும் மழுங்கிப் போகும். ஆகையால் கத்தி வகைகளில் அது சின்னஞ் சிறியதானாலும், அதற்கு வேண்டிய கூர்மை சாதாரணமானதல்ல.

வேலை எளிதாக முடியவில்லை. ஐரோப்பியக் கொல்லர்கள் தாங்கள் பழகிய சூட்டில், வெள்ளை வெளேரென்று ஜ்வலிக்கும்படி இந்தக் கட்டியைக் காய்ச்சி அடித்தால், அது சம்மட்டியின் கீழ் வெடித்துச் சிதறும். அவ்வாறு சிதறியதைக் கண்டு, சரக்கு மட்டமானது என்று தள்ளியவர்கள் பலர். ஸ்டோடார்ட் பொறுமைசாலி. அவர் அதை மிகக் குறைந்த சூட்டில் அடித்தார். எவ்வளவு குறைந்த சூடு என்றால், பகல் வெளிச்சத்தில் பார்த்தால் இரும்பு காய்ந்திருப்பதே தெரியாது. இருட்டில் பார்த்தால் மட்டும் மங்கலான செந்நிறம் தெரியும். அத்தனை இளஞ்சூட்டில் உருக்கு எளிதில் வளைந்து கொடுக்குமா? ஓர் அடிக்குப் பத்து அடி அடிக்க வேண்டும். கடைசியில் கத்தி உருவாயிற்று. அதன் கூர்மை மிக உயர்ந்த ஆங்கில உருக்குக் கத்திக்குச் சிறிதும் குறையவில்லை. இவ்வளவு சிரமம் இருந்தபோதிலும், அநேக காரியங்களுக்கு இங்கிலாந்தில் வழங்கும் எந்த உருக்கையும்விட இதுவே மேலானது என்று ஸ்டோடார்ட் அபிப்பிராயம் கூறினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குறைந்த சூட்டில்தான் அடிக்க வேண்டும் என்ற ரகசியம், அந்த உருக்குடன் வழிவழியாகப் பழகிய கொல்லர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். கட்டி மட்டும் கப்பலேறிப் போயிற்று; கைப்பழக்கம் கப்பலேறவில்லை. லண்டனில் ஒருவர் அதை முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

அந்த உருக்கு எவ்விதம் செய்யப்பட்டது என்பதை ஜோஸையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். கம்பெனி உத்தியோகத்தில் சென்னை ராஜதானிக்கு வந்து, பிறகு உத்தியோகத்தை விட்டு, 1830-ம் வருஷத்தில் பரங்கிப்பேட்டையில் இரும்புத் தொழிற்சாலை நிறுவியவர் அவர். முதலில் உலையில் உருக்கி எடுத்த தேனிரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொள்வார்கள். களிமண்ணுடன் கருக்கிய நெல் உமியைப் பிசைந்து செய்த மூசையில் அந்தத் துண்டுகளை இடுவார்கள். கூடவே உலர்ந்த ஆவாரங் கட்டையைச் சிறு சிறு சிராய்களாக்கிப் போடுவார்கள். அதன்மேல் ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. பிறகு மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து நன்றாக உலர்த்தி, இருபது இருபத்து நான்கு மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, கரி கொட்டி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளே ஒரு சிறு உருக்குக் கட்டி இருக்கும். எடை சுமார் ஒரு ராத்தல்.

ஆவாரையும் எருக்கும் நம் ஊர்ப் புறம்போக்கில் யாரும் நடாமலே முளைப்பவை. ஆவாரம்பூவைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுவதற்கும், எருக்கம்பூவைப் பிள்ளையாருக்கு மாலை கட்டுவதற்கும் நாம் பறிக்கிறோம். இவற்றின் கட்டையும் இலையும் மூசைக்குள்ளே வெந்து கரியாகி, அந்தக் கரி இரும்பிலே கலந்து, அதை உருக்காக மாற்றின. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரி கலந்திருந்தபடியால்தான் அந்த உருக்குக்கு அத்தனை கடினமும், சூடு மிகுந்தால் வெடிக்கும் குணமும் அமைந்தன. இந்தச் சாஸ்திரம் ஐரோப்பாவுக்குத் தெரிவதற்கு வெகு நாள் ஆயிற்று. மகா விஞ்ஞானியான மைக்கேல் பாரடேயே ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1819-ல் வெளியிட்ட கட்டுரையில், களிமண்ணிலுள்ள அலுமினாதான் காரணம் போலும் என்று கருதினார். அது சரியல்ல. பாரடேயின் தகப்பனார் ஒரு கொல்லர் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். கொல்லர் வீட்டுப் பிள்ளைக்கே பிடிபடாத விஷயம் அது! கரியின் அளவே முக்கியம் என்பதைப் பிறகு பாரிஸ் நாணயசாலையைச் சேர்ந்த ப்ரேயான் என்பவர் எடுத்துக் காட்டினார்.

இதை வைத்துக்கொண்டு, உலகத்துக் கத்திகளெல்லாம் நம்முடையவை என்று மார்தட்டுவதற்கு நாம் தயாராக இல்லை. மூசையில் உருக்குச் செய்யும் முறை மத்திய ஆசியாவிலும் பாரஸீகத்திலும் பழைய காலத்திலேயே இருந்திருக்கிறது. நீரலை போன்ற வரிகள் ஓடும் 'டமாஸ்கஸ்' வாள்களைப் பக்குவமாக அடித்து எடுத்த பாரஸீகக் கொல்லர்களின் திறமையும் குறைந்ததல்ல. ஆனால் அந்த வாள்களுக்கு வேண்டிய உருக்கில் பெரும் பகுதி தென்னிந்தியாவிலிருந்தும் தக்ஷிணத்திலிருந்தும் சென்றது என்பதில் சந்தேகமில்லை. நிர்மலுக்கு அருகிலுள்ள கோனசமுத்திரம் என்ற கிராமத்தில், பாரஸீகத்தின் இஸ்பஹான் நகரத்து வியாபாரி ஒருவர் உருக்கு வாங்குவதற்கென்றே வந்து தங்கியிருந்ததை, 1832-ல் வெளியான ஒரு கட்டுரையில் காணலாம். அரபு மொழியில் உயர்ந்த வாளுக்கு வழங்கும் 'முஹன்னத்' என்ற சொல்லுக்கே இந்திய உருக்கினாலானது என்பதுதான் பொருள்.

பெயர்களின் விளையாட்டை மட்டும் பாருங்கள். விற்பனையான சந்தையை வைத்து 'டமாஸ்கஸ்' என்று ஒரு பெயர். கன்னடத்தில் 'உக்கு' என்று வழங்கும் சொல் ஆங்கிலேயர் கையெழுத்தில் எப்படியோ 'வூட்ஸ்' ஆகிவிட்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அது ஒரு பெயர். இஸ்பஹானில் அஸதுல்லா என்ற கொல்லரின் புகழ் எவ்வளவு ஓங்கியதென்றால், அவர் காலத்துக்கு வெகு நாள் பிறகு அடித்த வாள்களிலும் அவர் பெயரைப் பொன்னால் பதித்து விற்றார்கள். ஷெபீல்டில் 1624-லேயே சட்டமூலம் கத்திக்காரர் சங்கம் ஒன்று ஏற்பட்டு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு முத்திரையைப் பதிவு செய்து கொடுத்தது. 1740-களில் மூசை உருக்கை இங்கிலாந்தில் செய்த பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரக்காரரின் சரக்கை, மிகவும் கடினமாக இருக்கிறதென்று ஷெபீல்டுக்காரர்கள் முதலில் வாங்க மறுத்தார்கள். பிரான்ஸ் தேசத்தார் வாங்கினார்கள். அவரும் கஷ்டப்பட்டவர்தான். ஆயினும் சரித்திரப் புஸ்தகங்களில் ஹண்ட்ஸ்மன் பெயர் இருக்கிறது.

நம் கொல்லன் விற்றது கத்தியல்ல. கத்தி ஆவதற்கு முந்திய கட்டி. அது வியாபாரி கையில் போய், கப்பலில் ஏறி, வேறு ஊரில் அடிபட்டு, கடைசியாக எவர் சாணை பிடித்தாரோ அவர் பெயரோடு வெளியே வந்தது. நம் வீட்டு அரிவாள்மணையை வாங்கிய கதையும் ஏறக்குறைய இதுதான். கடைக்காரரிடம் விலை கேட்கிறோம். பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறோம். எந்தப் பட்டறையில் யார் அடித்தது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

பரங்கிப்பேட்டை ஹீத்தின் கதியையும் சொல்லிவிட வேண்டும். அவர் சீமைக்குத் திரும்பி, உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறையைக் கண்டு 1839-ல் பேடண்ட் பெற்றார். அதனால் ஷெபீல்டில் உருக்கின் விலை வெகுவாக இறங்கிற்று. கத்தித் தொழில் கொழித்தது. அவருடைய முறையைச் சிறிது மாற்றி மற்றவர்கள் கையாண்டார்கள். வழக்குத் தொடுத்தார். வழக்கு வருஷக் கணக்காக இழுத்தது. அது தீருவதற்கு முன்னரே 1851-ல் அவர் காலமானார். சட்டமும் முத்திரையும் பேடண்டும் உள்ள தேசத்தில், ஆங்கிலேயருக்கே இந்தக் கதி என்றால், சேலத்துக் காட்டோரத்தில் துருத்தி ஊதியவனைப் பற்றிச் சொல்வானேன்!

அவனுடைய தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் க்ஷீணித்தது. சீமையிலிருந்து மலிவான இரும்பும் உருக்கும் வந்து குவிந்தன. வாளுக்குத் தேவை குறைந்தது. 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்தது. 1882-ல் சென்னை ராஜதானியில் வனச் சட்டம் அமுலுக்கு வந்து, கரிக்கு மரம் வெட்டுவதும் கஷ்டமாயிற்று. இலங்கையிலும் இதே கதைதான். அத்தொழில் அறிந்த முதியவர்கள் ஓரிருவரே எஞ்சியிருந்த தறுவாயில் ஆனந்த குமாரஸ்வாமி அங்கே உருக்குச் செய்யும் முறையைக் கண்டறிந்து, 1908-ல் வெளியிட்ட தம் நூலில் குறித்து வைத்தார்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் ஆல்பிரட் பெண்ட்ரே என்று ஒருவர் இருந்தார். குதிரைக்கு லாடம் கட்டுவது அவருடைய ஜீவனம். கத்தி அடிப்பது ஆசை. அந்தப் பழைய வரியோடிய உருக்கை எப்படியாவது செய்துவிட வேண்டுமென்று அவர் பல வருஷம் பாடுபட்டார். மூசையில் இரும்போடு கரியும் பச்சை இலைகளும்கூடப் போட்டுப் பார்த்தார். ஐயோவா ஸ்டேட் சர்வகலாசாலைப் பேராசிரியர் வெர்ஹோவன் அவருடன் சேர்ந்தார். வரிகள் உண்டாவதற்கு, இரும்பில் மிகமிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் வனேடியம் போன்ற உலோகங்களே காரணம் என்று இருவருமாகக் கண்டார்கள். 1998-ல் வெளிவந்த அவர்கள் கட்டுரையில் பேராசிரியர் பெயருக்கு அடுத்தபடியாக லாடக்காரரின் பெயர் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்தபோது நமக்கு உண்டான சந்தோஷம், ஸ்டோடார்ட்டின் சீட்டைப் பற்றி அறிந்தபோதுகூட உண்டாகவில்லை. பெண்ட்ரே 2017-ல் காலமானார்.

நம் பக்கத்தில், பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் உருக்கு மூசைகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. ஈரோட்டுக்கு அருகே கொடுமணலில் பூமியைத் தோண்டியபோது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய உலைகள் வெளிப்பட்டன. அதே கொடுமணலில் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் நூற்றுக்கணக்கில் அகப்பட்டன. 'ஆதன்' முதலிய ஆட்பெயர்களை அவற்றில் தமிழ் பிராமி எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்கள். சோறு உண்ட கலத்திலே தம் பெயரை எழுதிக்கொள்ளத் தெரிந்தவர்கள் அவர்கள். உருக்கு வைத்த மூசையில் எழுதி என்ன பயன்? கட்டியை வெளியே எடுப்பதற்காக அதை அன்றைக்கே உடைத்துவிட வேண்டும்.