பயிர்த்தொழிலில் படங்களின் உபயோகம்

ஆராய்ச்சிப் பண்ணைகளில் கண்டறியப்படும் விஷயங்கள் குடியானவரது வயலை வந்தடைய வேண்டுமாயின், அவற்றை எடுத்துச் சொல்லும் முறையும் திருந்த வேண்டும். எண்கள் நிரம்பிய அட்டவணைகளை அச்சிட்டு வழங்கியதும் கடமை முடிந்ததென்று கருதுவோர் பலர். பார்த்தவுடன் பொருள் விளங்கும் படங்களுக்கே விவசாயப் பிரசாரத்தில் முதலிடம் தரவேண்டும் என்பது எமது அபிப்பிராயம்.

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூர்ப் பக்கத்தில் கண்மாய்த் தண்ணீரையும் வானத்தையும் நம்பியே நெல் விளைகிறது. ஈரம் உள்ள சில நாட்களுக்குள் மேலுரம் இடுவதா, வேண்டாமா என்று குடியானவர் தீர்மானித்தாக வேண்டும். தழைச்சத்து குறைந்தால் விளைச்சல் குன்றும். மிகுந்தாலோ பயிர் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் பெருகும். உரத்திற்குக் கொடுத்த பணமும் வீணாகும்.

2015ஆம் வருஷம் தொடங்கப்பெற்ற மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அம்சங்களின் அளவுகள் எண்களாகத் தரப்படுகின்றன. மண்ணின் நிலையை அறிய இவை அவசியமே. உரச் சிபாரிசும் அதில் உண்டு. எனினும், அவ்வெண்களுக்கிடையே தமக்கு வேண்டியதைத் தேடி எடுப்பது பலருக்கு எளிதன்று. இன்று வயலில் நிற்கும் பயிரின் பசியையும் அவ்வட்டை காட்டாது.

இலை வண்ண அட்டையோ இக்குறையைப் போக்குகிறது. ஜப்பானில் தோன்றிய இம்முறையை, பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களில் ஆசியக் குடியானவருக்கு ஏற்றவாறு திருத்தியமைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதனைச் சிபாரிசு செய்கிறது. நேரடி விதைப்பாயின் 21ஆம் நாள் முதலும், நடவாயின் 14ஆம் நாள் முதலும், பயிர் பூக்கும் வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். நோயற்ற 10 குத்துக்களில், முழுதும் விரிந்த இளம் இலையைக் கிள்ளாமல், தம் உடலின் நிழலில் வைத்து அட்டையின் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். 6 இலைகளேனும் 4ஆம் பட்டையைவிட வெளிறியிருந்தால் தழைச்சத்து இடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் பட்டையே அளவு. எழுத்தறியாதவரும் இதனைச் செய்யக்கூடும்.

ஆயினும், படம் என்ற காரணத்தாலேயே ஒன்று நன்மை செய்துவிடாது. இவ்வட்டையைச் சாதாரணமாக நகலெடுத்தாலோ, வெயிலில் வைத்து வெளுக்கவிட்டாலோ நிறம் மாறி, தவறான யோசனையே கிடைக்கும்.

பூச்சிமருந்துப் புட்டிகளின் மீதுள்ள முக்கோண வண்ணங்களையும் இங்கே கவனிக்க வேண்டும். 1971ஆம் வருஷத்துப் பூச்சிமருந்து விதிகளின்படி, சிவப்பு மிகக் கடும் விஷத்தையும், மஞ்சள் கடும் விஷத்தையும், நீலம் நடுத்தர விஷத்தையும், பச்சை குறைந்த விஷத்தையும் குறிக்கும். பச்சை நிறமோ குடியானவருக்குச் செழிப்பின் அடையாளம். விளக்கிச் சொல்வார் இல்லையேல், பச்சைக் குறியுள்ள மருந்தில் தீங்கே இல்லையென்று ஒருவர் எண்ணி, வெறுங்கையால் கலக்கவும் கூடும். எந்த நிறமாயினும் புட்டியில் உள்ளது விஷமே. இவ்விஷயத்தில் ஒரு படத்தின் பொருளைத் தவறாகக் கொள்வது உயிருக்கே ஆபத்தாக முடியும்.

ஆகவே, எந்தப் படத்தையும் அச்சிடுமுன் அவ்வூர்க் குடியானவர் சிலரிடம் காட்டி, "இது என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேட்டறிதல் வேண்டும். அவர்கள் சொல்லும் விடை தவறாயிருப்பின் திருத்த வேண்டியது படத்தையே. ஒரு படத்தில் ஒரு செய்தி போதும். அளவுகளை ஏக்கர், மூட்டை, படி என ஊரார் புழங்கும் கணக்கில் காட்டுதல் நலம். மருந்து வண்ணங்களின் விளக்கத்தைக் கூட்டுறவுச் சங்கத்திலும் உரக்கடைகளிலும் எல்லோர் கண்ணிலும் படுமாறு எழுதி வைக்கலாம். இலை வண்ண அட்டையை மட்டும் சுவரில் தீட்டாது, சரியான அச்சில் வாங்கிக் கையில் கொடுத்து, வயலிலேயே ஒரு முறை செய்து காட்டுவது உத்தமம். இதற்காகும் செலவு சொற்பம். உரத்திலும் உயிரிலும் மிச்சமாவதோ அதிகம்.